கங்-ஹோ: பட்டறையில் பிறந்து படைமுகாமில் உருமாறிய சொல்

ஆங்கிலத்தில் ஒருவரை ‘கங்-ஹோ’ என்றால் அது பாதி பாராட்டு, பாதி எச்சரிக்கை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தைத் தலைகீழாக மாற்றப் புறப்படும் இளைஞரை அப்படிச் சொல்வார்கள். பேச்சுவார்த்தைக்கு இடம் கொடுக்காமல் போருக்குத் துடிக்கும் அரசியல்வாதியையும் அப்படிச் சொல்வார்கள். ஆர்வம் உண்டு, அளவு இல்லை. வேகம் உண்டு, நிதானம் இல்லை என்பதே அந்தச் சொல்லுக்கு இன்றுள்ள பொருள். அகராதியைப் புரட்டினால், சீனத்திலிருந்து வந்த சொல், ‘சேர்ந்து உழை’ என்பது மூலப்பொருள் என்று ஒரு குறிப்பு இருக்கும். சேர்ந்து உழைப்பதற்கும் அளவுமீறித் துள்ளுவதற்கும் என்ன உறவு என்று அகராதி சொல்வதில்லை. அந்த உறவைத் தேடிப் போனால், 20ஆம் நூற்றாண்டின் மிகத் துணிச்சலான கூட்டுறவு முயற்சிகளில் ஒன்றின் வாசலுக்குப் போய்ச் சேரலாம்.

மிகையார்வத்தைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, கோயிலிலிருந்து வந்தவை. ‘என்தூசியாசம்’ என்ற சொல்லின் கிரேக்க வேருக்குக் கடவுள் உள்ளே புகுந்த நிலை என்று பொருள். 17, 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது வசைச்சொல்லாகவே வழங்கியது. இறைவன் தன்னிடம் நேரே பேசுகிறான் என்று கூவுபவர்களின் மனநிலையைச் சாடவே தத்துவ அறிஞர் ஜான் லாக் தம் புகழ்பெற்ற நூலின் நான்காம் பதிப்பில், 1700இல், அந்தத் தலைப்பிலேயே ஓர் இயலைச் சேர்த்தார். ‘ஃபனாட்டிக்’ என்ற சொல்லுக்குக் கோயிலைக் குறிக்கும் லத்தீன் சொல் தாய். விளையாட்டு, சினிமா ரசிகரைக் குறிக்கும் ‘ஃபேன்’ அதன் சுருக்கம் என்பது பெரும்பாலோர் கொள்கை. ‘ஸெலட்’ என்பது ரோமானிய ஆட்சியை ஆயுதம் ஏந்தி எதிர்த்த யூதப் பிரிவினரின் பெயர். தமிழும் இதில் விலக்கல்ல. கிரிக்கெட் வெறி, சினிமா வெறி என்று இன்று சொல்கிறோம். சங்கப் பாடல்களில் வெறி என்பது முருகனுக்காக வேலன் ஆடும் ஆட்டம். ‘ஆவேசம்’ என்ற வடசொல்லின் அடிப்பொருளும் உள்ளே புகுதல்தான்.

இந்த வரிசையில் கங்-ஹோ சேராது. சாமி இறங்கியதால் பிறந்த சொல் அல்ல அது. ஒரு சங்கத்தின் பெயர்ச் சுருக்கம்.

1937 ஜூலையில் ஜப்பான் சீனாமீது முழுப்போர் தொடுத்தது. நவம்பரில் ஷாங்காய் வீழ்ந்தது. சீனாவின் நவீன ஆலைகளில் பெரும்பகுதி கடற்கரை நகரங்களிலேயே இருந்ததால், நகரங்கள் போனதோடு தொழிலும் போயிற்று. வேலையிழந்த தொழிலாளர்களும் வீடிழந்த அகதிகளும் உள்நாட்டை நோக்கி நடந்தார்கள். துணி இல்லை, சோப்பு இல்லை, போர்முனைக்குக் கம்பளி இல்லை. 1938இன் தொடக்கத்தில் ஷாங்காயில் இதைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர்களில் மூவர் முக்கியமானவர்கள்: அமெரிக்கப் பத்திரிகையாளர் எட்கர் ஸ்னோ, அவர் மனைவி ஹெலன் ஃபாஸ்டர் ஸ்னோ, நியூசிலாந்துக்காரர் ரேவி ஆலி. தொழிலை மீட்கக் கூட்டுறவே வழி என்று மற்ற இருவரையும் விடாமல் வற்புறுத்தியவர் ஹெலன்.

ஆலி 1897இல் பிறந்தவர். மாவோரித் தலைவர் ரேவி மனியாபோட்டோவின் பெயரை வீட்டார் அவருக்கு இட்டார்கள். முதல் உலகப் போரில் காயம்பட்டு, ஊர் திரும்பிப் பண்ணை நடத்திப் பார்த்து, 1927இல் ஷாங்காய் வந்தார். அங்கே வெளிநாட்டார் நடத்திய நகராட்சியில் தீயணைப்பு வேலை, பிறகு தொழிற்சாலை ஆய்வாளர் வேலை. பட்டாலைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வரிசையாக நின்று, ஆவி பறக்கும் தொட்டியில் கையை விட்டுக் கூடுகளை அலசி நூல்நுனி தேடுவதை அவர் தம் கண்ணால் பார்த்தார். வெந்நீரில் ஊறி வீங்கிய விரல்கள். மூச்சுமுட்டும் வெக்கை. பன்னிரண்டு மணி நேர வேலை. ஆய்வாளர் அறிக்கை எழுதலாம், அபராதம் போடலாம். ஆலையை மாற்ற முடியாது. உழைப்பவர்களே உடைமையாளர்களாக இருக்கும் பட்டறை என்ற யோசனையை அவர் இறுகப் பற்றிக்கொண்டதற்கு இந்த ஆண்டுகளே காரணம்.

1938 ஆகஸ்டில் ஹாங்கோவில் சீனத் தொழிற்கூட்டுறவு இயக்கம் முறைப்படி தொடங்கியது. அதே மாதம் வடமேற்கில் பாவோஜி நகரில், அகதிகளாக வந்துசேர்ந்த கொல்லர்கள் முதல் சங்கத்தை அமைத்தார்கள். ஏழு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். ஒவ்வொருவரும் பங்குத்தொகை கட்டவேண்டும். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஓட்டு ஒன்றுதான். மேலாளரை உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். பெரிய ஆலையைக் குண்டுபோட்டு ஒரே நாளில் அழித்துவிடலாம். குகையிலும் பாழடைந்த கோயிலிலும் ஓட்டு வீட்டிலும் சிதறிக் கிடக்கும் பட்டறைகளை எந்த விமானத்தாலும் தேடித் தேடி அழிக்க முடியாது. கெரில்லாப் போர் என்பதைப்போல ‘கெரில்லாத் தொழில்’ என்றே இதைச் சிலர் குறிப்பிட்டார்கள். 1940-41 வாக்கில் சுமார் 3,000 சங்கங்கள் இயங்கின. துணி, காலணி, காகிதம், கருவிகள், கட்டுத்துணி என்று என்னென்னவோ செய்தன. படைவீரர்களுக்கு லட்சக்கணக்கில் கம்பளி நெய்து கொடுத்தன. நிதியமைச்சர் எச். எச். குங் தலைமையில் அரசின் கடனுதவி வந்தது. சூங் சிங்-லிங் அம்மையார் ஹாங்காங்கிலிருந்து பன்னாட்டுக் குழுவின் வழியே நிதி திரட்டினார். அமெரிக்காவில் ஐடா ப்ரூயிட் அதே பணியைச் செய்தார். இந்தியாவிலும் இதன் ஓசை கேட்டது. இயக்கத்தைப் பற்றி ஹெலன் எழுதிய நூலுக்கு அலகாபாத்தில் வெளிவந்த இந்தியப் பதிப்பில் ஜவாஹர்லால் நேரு முன்னுரை எழுதினார்.

இந்த இயக்கத்தின் நீண்ட சீனப் பெயரில் வரும் ‘கோங்யெ’ என்றால் தொழில்துறை. ‘ஹெசுவோஷெ’ என்றால் கூட்டுறவுச் சங்கம். இரண்டின் முதலெழுத்துகளையும் எடுத்துக் கோர்த்தால் கோங்-ஹெ. அந்த இரண்டு எழுத்துகளே இயக்கத்தின் முத்திரையாயின. முதல் எழுத்துக்கு மூன்றே கோடு: மேலே ஒரு படுகோடு, கீழே ஒரு படுகோடு, இரண்டையும் இணைக்கும் நேர்கோடு. வேலை, தொழில் என்பது அதன் பொருள். இரண்டாவது எழுத்தில் கூரைபோல் சாய்ந்த இரு கோடுகள். கூரைக்கு அடியில் சிறிய படுகோடு. அதன்கீழ் ஒரு சதுரம். சேர்தல், இணைதல், பொருந்துதல் என்று பொருள். சீனர் ஒலிக்கும் முதலொலி, தமிழ்ச் சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லினக் ககரத்துக்கு மிக நெருக்கமானது. ஆங்கிலத்தார் அதைக் ‘காந்தி’யின் முதலொலிபோல மெலித்து ஒலிக்கிறார்கள். வேறு தொனியில் இதே ஓசையைச் சொன்னால் சீனத்தில் ‘குடியரசு’ என்று பொருளாகிவிடும். அது வேறு எழுத்து, வேறு சொல். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சர்ச்சை இங்கேதான் தொடங்குகிறது. கோங்-ஹெ என்பதற்கு ‘சேர்ந்து உழை’ என்று பொருள் சொல்லலாமா? தனித்தனி எழுத்தாகப் பார்த்தால் ‘உழைப்பு’ம் ‘சேர்தல்’உம் இருக்கின்றன. ஆனால் சேர்ந்து உழைக்கச் சொல்லும் ஒரு சீனர் அந்த இரண்டு எழுத்தை அந்த வரிசையில் சொல்லமாட்டார். அதற்கு வழக்கில் வேறு சொற்கள் உள்ளன. தமிழில் ஒரு தொழிற்கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைத் ‘தொழில்-கூடு’ என்று சுருக்கினால், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த ஒருவர் அதை “தொழிலில் கூடு!” என்ற ஏவலாக எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. நடந்தது ஏறக்குறைய அதுதான். அமெரிக்க ஆய்வாளர் ஆல்பர்ட் மோ, ‘அமெரிக்கன் ஸ்பீச்’ என்ற மொழியியல் இதழில் 1967இல் எழுதிய விரிவான கட்டுரையில் இதை நிறுவினார். கோங்-ஹெ ஒரு முழக்கமாகப் பிறக்கவில்லை, அமைப்பின் பெயர்ச் சுருக்கமாகவே பிறந்தது என்பது அவர் முடிவு.

மோவின் முடிவு சரியானது. ஆனால் அதை வைத்துக்கொண்டு ‘சேர்ந்து உழை’ என்பது வெறும் பிழை என்று ஒதுக்குவது அவசரம். இயக்கத்தின் ஆங்கிலம் பேசும் ஆதரவாளர்களும் அந்த விளக்கத்தையே பரப்பினார்கள். பெயரில் இருந்த இரண்டு எழுத்துகளும் இயக்கத்தின் உள்ளத்தை நேராகவே காட்டின. இலக்கணப்படி பிழை, கருத்தின்படி சரி என்று சொல்வதே நியாயம்.

சொல்லைக் கடல்கடத்திக் கொண்டுபோனவர் அமெரிக்க மரீன் படை அதிகாரி எவன்ஸ் கார்ல்சன். 1896இல் பிறந்த இவர், அதிபர் ரூஸ்வெல்ட் ஓய்வெடுக்கும் வார்ம் ஸ்பிரிங்ஸில் காவற்படைக்குப் பொறுப்பாக இருந்தபோது அதிபரின் நம்பிக்கையைப் பெற்றார். 1937இல் சீனாவுக்குப் பார்வையாளராகச் சென்று, கம்யூனிஸ்டுகளின் எட்டாவது வழிப்படையோடு மலையும் ஆறும் கடந்து நடந்தார். தளபதி ஜூ டெயைச் சந்தித்தார். அவரை வியக்கவைத்தது அந்தப் படையின் ஆயுதபலம் அல்ல. அது மிகக் குறைவு. எதற்காகப் போரிடுகிறோம் என்று கடைசிச் சிப்பாய்க்கும் தெரிந்திருந்தது. அதிகாரிக்குத் தனிச்சாப்பாடு கிடையாது. சண்டை முடிந்ததும் கூடி உட்கார்ந்து, தவறு எங்கே என்று பேசினார்கள். தாம் கண்டதை வெளிப்படையாகப் பேச மேலிடம் தடுத்ததால் 1939இல் படையை விட்டு விலகினார். 1940இல் மீண்டும் சீனா சென்று கூட்டுறவுப் பட்டறைகளைப் பார்த்தார். 1941இல் படைக்குத் திரும்பினார்.

1942 பிப்ரவரியில் இரண்டாம் மரீன் ரெய்டர் பட்டாலியன் அவர் தலைமையில் உருவானது. துணைத்தளபதி, அதிபரின் மகன் ஜேம்ஸ் ரூஸ்வெல்ட். சீனாவில் கற்றதைக் கார்ல்சன் இங்கே நடைமுறையாக்கினார். அதிகாரிகளும் சிப்பாய்களும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். ‘கங்-ஹோ கூட்டம்’ என்று பெயரிட்டு எல்லாரையும் உட்காரவைத்தார். அங்கே பதவி பார்க்காமல் யாரும் எழுந்து கேட்கலாம், மறுக்கலாம். இட்ட கட்டளை எதற்கு என்று தளபதியே விளக்குவார். ‘நியூயார்க் டைம்ஸ்’ வார இதழ் 1942 நவம்பர் 8இல் இந்தக் கூட்டங்களைப் பற்றி எழுதியது. ஆங்கில அச்சில் சொல் பதிவான தொடக்ககாலச் சான்று அதுவே. அப்போது எழுத்துக்கூட்டல்கூட நிலைபெறவில்லை; ‘குங்-ஹௌ’ என்பதுபோல அச்சிட்டிருந்தார்கள். அந்த முதற்பதிவில் சொல் ஒட்டியிருப்பது கூட்டத்தோடு, கலந்து பேசுவதோடு. ஆவேசத்துக்கு அங்கே இடமே இல்லை.

1942 ஆகஸ்ட் 17 அதிகாலையில் ‘நாட்டிலஸ்’, ‘ஆர்கோநாட்’ என்ற இரு நீர்மூழ்கிகளிலிருந்து இருநூற்றுச் சொச்சம் ரெய்டர்கள் ரப்பர் படகுகளில் மேக்கின் பவளத்தீவில் இறங்கினார்கள். தீவைத் தாக்கித் திரும்புவது திட்டம். திரும்பும்போது அலை விடவில்லை. படகின் மோட்டார்கள் நின்றன, துடுப்புகள் போயின, நூற்றுக்கு மேற்பட்டோர் ஆயுதமின்றிக் கரையிலேயே இரவைக் கழித்தார்கள். அந்த இரவிலும் கார்ல்சன் ஆட்களைக் கூட்டிப் பேசினார். சரணடைவதா என்ற கேள்வியும் அங்கே எழுந்தது. மறுநாள் பெரும்பாலோர் மீண்டார்கள். 30 பேர் திரும்பவில்லை. அவர்களில் தீவில் தவறவிடப்பட்ட ஒன்பது பேரை ஜப்பானியர் பிடித்து, குவாஜலீன் தீவில் தலைவெட்டிக் கொன்றார்கள். அமெரிக்கப் பத்திரிகைகளுக்கோ அது வெற்றிச் செய்தி. பேர்ல் துறைமுகத்துக்குப் பிறகு ஏங்கிக் கிடந்த நாட்டுக்கு ஒரு வீரக்கதை தேவைப்பட்டது. கங்-ஹோ அந்தக் கதையோடு ஒட்டிக்கொண்டது.

அதைவிடப் பெரிய சாதனை குவாடல்கனலில். 1942 நவம்பர் 6 முதல் டிசம்பர் 4 வரை இந்தப் படை காட்டுக்குள்ளேயே திரிந்து போரிட்டது. சாப்பாடு அரிசி, உலர்திராட்சை, பன்றி இறைச்சி, தேநீர். சீனாவில் கண்ட எளிய படைவாழ்க்கையின் நேரடிப் பாதிப்பு அது. எதிரிகள் தரப்பில் 488 பேர் இறந்ததாகக் கணக்கு. ரெய்டர்கள் தரப்பில் 16 பேர்.

பொருள் புரண்ட கதையில் மூன்று திருப்பங்கள் உண்டு.

முதலாவது, 1943இல் வெளிவந்த ‘கங்-ஹோ!’ என்ற ஹாலிவுட் படம். ராண்டால்ஃப் ஸ்காட் நாயகன், ரே என்ரைட் இயக்கம், மேக்கின் தாக்குதல் கதை, ஆலோசகராகக் கார்ல்சனே இருந்தார். தலைப்பிலேயே ஆச்சரியக்குறி. கூட்டத்தில் உட்கார்ந்து பேசிய சொல், திரையில் பாய்ச்சலின் முழக்கமானது. ஒரு சொல்லைக் கோடிப்பேருக்கு அறிமுகப்படுத்துவது எதுவோ, அதுவே அதன் பொருளையும் தீர்மானிக்கும். இங்கே சினிமா தீர்மானித்தது.

இரண்டாவது திருப்பம் படைக்கு உள்ளேயே நடந்தது. மரீன் படையே தேர்ந்தெடுத்தவர்களின் படை. அதற்குள் இன்னொரு தேர்ந்தெடுத்த கூட்டம் எதற்கு என்று பல அதிகாரிகள் ரெய்டர்களை வெறுத்தார்கள். பதவி வேற்றுமையைக் குறைத்த கார்ல்சனின் முறை அவர்களுக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. 1943இல் பட்டாலியன் வேறொரு தளபதியிடம் போனது; 1944 தொடக்கத்தில் ரெய்டர் படைகளே கலைக்கப்பட்டன. பிற பிரிவினர் வாயில் ‘கங்-ஹோ’ என்பது மிடுக்குக் காட்டுகிறவன், தேவைக்கு மேல் துள்ளுகிறவன் என்ற கேலியாகத் திரும்பியது. கொரியப் போர்க் காலத்துக்குப் பிறகு அந்தப் பொருள் படையை விட்டு வெளியேறிப் பொதுப்பேச்சில் கலந்தது.

மூன்றாவது, அரசியல். 1949இல் மாவோவின் கட்சி ஆட்சிக்கு வந்தது. சீனக் கூட்டுறவிலிருந்தும் கம்யூனிஸ்டுப் படையிடமிருந்தும் கற்றது என்று ஒரு வீரமரபின் வரலாற்றைச் சொல்வது 1950களின் அமெரிக்காவில் எளிதல்ல. கார்ல்சனும் இல்லை. 1944இல் சைபானில் பட்ட காயத்தோடு ஓய்வுபெற்று, 1947இல் 51 வயதில் இறந்துவிட்டார். சொல்லுக்கு உரியவர்கள் விளக்கம் சொல்ல இயலாத காலத்தில் சொல் தனியே அலைந்தது. பெயர் மட்டும் தங்கி, பிறந்த இடம் மறைந்ததற்கு இந்தக் காலத்தின் அரசியல் அச்சமே பெருங்காரணம் என்று கருத இடமுண்டு.

1986இல் ரான் ஹாவர்ட் இயக்கிய இன்னொரு ‘கங்-ஹோ’ வந்தது. மூடிக் கிடக்கும் அமெரிக்கக் கார்த் தொழிற்சாலையை ஜப்பானிய நிறுவனம் எடுத்து நடத்தும் கதை. ஜப்பானியத் தாக்குதலைத் தாங்க உருவான இயக்கத்தின் பெயர் ஜப்பானிய நிர்வாகத்தைப் பற்றிய நகைச்சுவைப் படத்துக்குத் தலைப்பானது. 1990களின் இறுதியில் கென் பிளாஞ்சர்டும் ஷெல்டன் பவுல்ஸும் இதே தலைப்பில் ஒரு நிர்வாகவியல் நூல் எழுதினார்கள். ஊழியர்களின் ஊக்கத்தைக் கூட்டுவது எப்படி என்பது அதன் பொருள். உழைப்பவர்களே முதலாளிகளாக இருந்த ஓர் இயக்கத்தின் பெயர் இப்படி முதலாளிக்கு யோசனை சொல்லும் நூலின் அட்டைக்கு ஏறியது. இந்த மாற்றத்தை இயல்பானதென்று விட்டுவிட மனம் வரவில்லை.

சொல் அமெரிக்காவில் கொழித்தபோது, அதன் பிறந்தகம் சீனாவில் தேய்ந்துகொண்டிருந்தது. பட்டறைகளில் கம்யூனிஸ்டுகளின் சாயல் இருப்பதாகத் தேசியவாத அரசு சந்தேகப்பட்டது. 1942இல் ஆலியை அரசுப் பொறுப்பிலிருந்து நீக்கினார்கள். பணவீக்கம் சங்கங்களின் முதுகை முறித்தது. தொழில்பயிற்சி தர இயக்கம் நடத்திய பெய்லி பள்ளியின் தலைமையாசிரியர் ஜார்ஜ் ஹாக், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த ஆங்கிலேய இளைஞர். போர் நெருங்கியதும் 1944-45 குளிர்காலத்தில் தம் மாணவர்களை மலைகளைக் கடந்து, சுமார் 1,100 கிலோமீட்டர் தொலைவிலிருந்த ஷான்டானுக்கு அழைத்துப் போனார். 1945 ஜூலையில் பிள்ளைகளோடு கூடைப்பந்து ஆடும்போது கால்விரல் இடித்துக்கொண்டது. சின்னக் காயம்தான். தனுர்வாதம் பிடித்தது, மருந்து வந்துசேர நேரமாகிவிட்டது. அவருக்கு வயது 30. பள்ளியை ஆலி ஏற்று நடத்தினார். 1950களின் தொடக்கத்தில் புதிய அரசு பழைய கூட்டுறவு அமைப்பைக் கலைத்தது. 1980களில் சீனா பொருளாதாரத்தைத் திறந்துவிட்டபோது, 1987இல் பன்னாட்டுக் குழு புத்துயிர் பெற்றது. அதே ஆண்டு டிசம்பர் 27இல் ஆலி தம் 90ஆம் வயதில் பெய்ஜிங்கில் காலமானார்.

ஆகவே கங்-ஹோவுக்கு மூன்று பொருள்களை ஏற்கவேண்டும்: சீனத்தில் ஓர் அமைப்பின் பெயர்ச்சுருக்கம், கார்ல்சன் வாயில் சேர்ந்து பேசி, சேர்ந்து முடிவெடுத்து, சேர்ந்து உழைக்கும் முறை, இன்றைய ஆங்கிலத்தில் அளவுமீறிய உற்சாகம். இவற்றில் மூன்றாவதை மட்டும் தந்துவிட்டு ‘மூலம் சீனம்’ என்று முடிப்பது அரைகுறை வேலை. ஆங்கில-தமிழ் அகராதி தொகுப்பவர்களுக்கும், இந்தச் சொல்லை மொழிபெயர்க்க நேரும் பத்திரிகையாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 1942-43ஆம் ஆண்டுப் பிரதிகளில் இந்தச் சொல் வந்தால் அங்கே ‘மிகையார்வம்’ என்று போட்டுவிடாதீர்கள். அங்கே அது கூட்டுழைப்பையே குறிக்கிறது. அகராதிப் பதிவில், பொருளுக்குப் பக்கத்தில், 1938ஆம் ஆண்டுச் சீனத் தொழிற்கூட்டுறவு இயக்கத்தின் பெயரையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.